மாற்றுத்திறனாளிகள் மலையேறுவது எப்படி: மருத்துவரைப் பார்ப்பதிலிருந்து இறங்கி வருவது வரை

காலை இழந்த ஒருவர் பெரிய சிகரத்தைத் தொட்டுவிட்டார் என்றால், அவருடைய மன உறுதியைப் பற்றிச் செய்திகளில் பத்தி பத்தியாக வரும். செயற்கைக் காலை வழியில் எத்தனை முறை கழற்றித் துடைத்தார், இறங்க எவ்வளவு நேரம் பிடித்தது, உதிரிக் காலை யார் சுமந்தார் என்று ஒரு வரிகூட இருக்காது. மலையேற நினைக்கும் மாற்றுத்திறனாளிக்கு வேண்டியதோ அந்த ஒரு வரிதான். மன உறுதி இல்லாதவர் இந்தப் பக்கமே வரப்போவதில்லை. வந்தவரைப் பாதியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் தோலில் விழும் புண், தப்பாகப் போட்ட நேரக் கணக்கு, குறைத்து எடைபோட்ட இறக்கம். இந்த மூன்றையும் கையாளத் தெரிந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கால் அல்லது கை இழந்தவர்கள், தண்டுவடக் காயம் பட்டவர்கள், போலியோ அல்லது பெருமூளை வாதம் உள்ளவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். செயற்கைக் காலோடு ஏறுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் என்பதால் அந்தப் பகுதி நீளமாக இருக்கும்.

படி 1: உங்கள் உடலின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

மருத்துவரிடம் போய் "நான் மலை ஏறலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "வேண்டாமே" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "ஒரு நாளில் 8 மணி நேரம் கரடுமுரடான பாதையில் நடந்தால் என் உடலில் முதலில் எது மக்கர் பண்ணும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பேச்சு தொடங்கும்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர், அதே வேகத்தில் நடக்க மற்றவர்களைவிடக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறார். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இந்தக் கூடுதல் செலவு இன்னும் அதிகம், ஏனென்றால் முழங்கால் மூட்டோடு அதை இயக்கும் தசையின் பலமும் போய்விடுகிறது. இதெல்லாம் சமதரையில். மலையில் இடைவெளி இன்னும் விரியும். எனவே மூச்சு வாங்குவதை மட்டும் வைத்து "எனக்குத் தெம்பு போதவில்லை" என்று முடிவுகட்டாதீர்கள். அதே பாதையில் நீங்கள் செய்யும் வேலையே அதிகம்.

நீரிழிவாலோ ரத்தக்குழாய் அடைப்பாலோ காலை இழந்தவர்கள் இதயப் பரிசோதனை செய்யாமல் கிளம்பக் கூடாது. மீதமிருக்கும் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். செயற்கைக் காலையே கவனித்துக்கொண்டிருந்து, நல்ல காலில் புண் வந்தது தெரியாமல் நடப்பவர்கள் உண்டு.

போலியோ வந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்குப் பிறகு தசைகள் மறுபடி பலம் இழக்கும் நிலை அவர்களில் பலருக்கு வருகிறது. அப்படிப்பட்டவர்கள் "வலிக்க வலிக்கப் பயிற்சி செய்" என்ற அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. களைப்பு தெரியும் முன்பே நிறுத்தி, ஓய்வெடுத்து, மறுபடி தொடங்குவதுதான் அவர்களுக்கான முறை. பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குக் குளிரிலும் களைப்பிலும் தசை இறுக்கம் கூடலாம். காலையில் எளிதாக வைத்த அடி மாலையில் வராது என்று எண்ணியே திட்டமிட வேண்டும்.

தண்டுவடக் காயம் உள்ளவர்கள் இந்தப் பத்தியை உடன் வருபவருக்கும் படித்துக் காட்டுங்கள். காயம் நெஞ்சுப் பகுதியின் 6-ஆவது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், ரத்த அழுத்தம் திடீரென்று ஆபத்தான அளவுக்கு எகிற வாய்ப்புண்டு. சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பது, ஹார்னெஸ் (கயிற்றோடு இணைக்க உடலில் கட்டும் வார்) பட்டை இறுகியிருப்பது, காலடியில் ஒரு கல் அழுத்துவது என்று உடம்பு உணராத எதுவும் அதைத் தூண்டலாம். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காய மட்டத்துக்கு மேலே வியர்வை ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பட்டைகளைத் தளர்த்தி, சிறுநீர் வெளியேற வழி செய்து, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். குறையவில்லை என்றால் மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். உயரத்தால் வரும் நோயும் தலைவலியோடுதான் தொடங்கும். "உயரம்தான் காரணம், மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று உடன் இருப்பவர் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

படி 2: எந்த வகை ஏற்றம் என்று முடிவு செய்யுங்கள்

மலையேற்றம் என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, பாதையில் நடந்து போவது, பாறையில் கயிற்றோடு ஏறுவது, பனிமலை ஏறுவது மூன்றும் வெவ்வேறு உடலுழைப்பு. நடக்கவே முடியாத ஒருவருக்குக் கயிறு கட்டிய பாறை எளிதாக இருக்கலாம். கை இல்லாதவருக்கு நீண்ட நடைபாதை எந்தச் சிக்கலும் தராது.

இதற்கு அமெரிக்க மலையேற்றக்காரர் மார்க் வெல்மேனைப் பாருங்கள். 1982-இல் மலையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். 1989-இல் கலிபோர்னியாவின் எல் கேப்பிடன் பாறைச் சுவரை ஏறினார். நண்பர் மைக் கார்பெட் முன்னே ஏறிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே போனார். வெல்மேன் அந்தக் கயிற்றில் கருவியை நகர்த்தி, கையால் தம்மைத் தூக்கினார். ஒரு இழுப்புக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். இப்படி ஏறத்தாழ 7,000 இழுப்புகள், 7 நாட்கள். உணர்ச்சியில்லாத கால்கள் பாறையில் உரசிக் கிழியாமல் இருக்கத் தடிமனான காலுறை போன்ற கவசம் ஒன்றையும் இருவரும் தயார் செய்திருந்தார்கள். தோளும் கையும் பலமாக உள்ள சக்கர நாற்காலி பயனர்களுக்கு இன்றும் இதுதான் அடிப்படை முறை.

கையால் முழு எடையையும் தூக்க முடியாதவர்களுக்குக் கப்பி இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்ற அமைப்பில், உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், எடையில் மூன்றில் ஒரு பங்கு விசை போதும். ஆனால் ஒரு மீட்டர் உயர மூன்று மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். சக்தி மிச்சம், நேரம் செலவு. இரண்டில் எது உங்களிடம் அதிகம் இருக்கிறது என்று பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கயிறு வேண்டாம், சக்கர நாற்காலியிலும் போக முடியாத பாதை என்றால் ஒற்றைச் சக்கர நாற்காலி உண்டு. ஜோலெட் என்று பெயர். 1987-இல் பிரான்சில் ஜோயல் குளோடெல் என்பவர் தசைச் சிதைவு நோய் இருந்த தம் உறவுப் பையனுக்காக உருவாக்கியது. முன்னே ஒருவர், பின்னே ஒருவர் பிடித்து நடப்பார்கள். செங்குத்தான இடத்தில் இன்னும் இருவர் வேண்டும். "என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே, இதெல்லாம் ஏற்றமா?" என்று சிலர் தயங்குவார்கள். என்னைக் கேட்டால், மலையில் யார் யாரைச் சுமக்கிறார் என்பது அன்றைய பாதையைப் பொறுத்தது. கயிற்றில் முன்னே போகிறவர் பின்னே வருபவரின் உயிரைச் சுமந்துகொண்டுதான் போகிறார்.

புதிதாகத் தொடங்குபவர் உள்ளரங்கச் சுவரில் தொடங்குவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான சுவரேற்றம் ஒரு போட்டி விளையாட்டாகவே வளர்ந்திருக்கிறது. 2011-இல் இத்தாலியின் ஆர்கோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்கில் இடமும் கிடைத்திருக்கிறது. கால் இழப்பு, கை இழப்பு, இயக்கக் குறைவு, பார்வைக் குறைவு என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களைப் போன்ற உடலமைப்பு உள்ள ஒருவர் எப்படி ஏறுகிறார் என்று பத்து நிமிடம் பார்த்தால் கிடைப்பது எந்த வழிகாட்டியிலும் கிடைக்காது.

படி 3: கருவிகளை உடலுக்கேற்ப மாற்றுங்கள்

செயற்கைக் கால் என்றதும் எல்லோரும் பாதத்தைப் பற்றியே பேசுவார்கள். கார்பன் பாதமா, எந்த நிறுவனம், என்ன எடை என்று. உங்களை மலையிலிருந்து இறக்கப்போவது சாக்கெட். எஞ்சியிருக்கும் காலும் செயற்கைக் காலும் சேரும் அந்தக் கிண்ணம் சரியில்லை என்றால், உலகத்திலேயே விலையுயர்ந்த பாதமும் உதவாது. கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே செயற்கை உறுப்பு நிபுணரிடம் போய் உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள். புதிய சாக்கெட் செய்தால், அது உடம்போடு ஒத்துப்போக நாளாகும். புது சாக்கெட்டோடு நேராக மலைக்குப் போவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

அவரிடம் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானது பூட்ஸ். உங்கள் செயற்கைக் கால் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குச் சீரமைக்கப்பட்டிருக்கும். மலை பூட்ஸின் குதிகால் உயரமோ வேறு. சில மில்லிமீட்டர் மாறினாலே முழங்கால் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளப்படும். அதனால் மலைக்குப் போடப்போகும் அதே பூட்ஸைக் கொண்டுபோய், அதை மாட்டிய நிலையில் சீரமைக்கச் சொல்லுங்கள். பனியில் போவதாக இருந்தால் கிராம்பானையும் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் உலோகப் பற்கள்) கொண்டுபோங்கள். பெரும்பாலான செயற்கைப் பாதங்களில் கணுக்கால் இயல்பாக மடங்காது என்பதால், கிராம்பான் பற்கள் எல்லாம் சரிவில் ஒன்றாகப் பதிவதில்லை. முன்பற்களைக் குத்தி ஏறும்போது முழங்காலுக்கு வரும் விசையும் வேறு.

ஒரே கால் எல்லா வேலைக்கும் ஆக வேண்டியதில்லை. ஹியூ ஹெர் 1982-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில் பனிப்புயலில் சிக்கி, இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பிறகு அவரே தமக்குக் கால்கள் செய்துகொண்டார். மெல்லிய விளிம்பில் நிற்கச் சிறிய பாதம், உறைபனிச் சுவரில் குத்த முள் பாதம், தேவைக்கு ஏற்ப உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி. பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்காமல், முன்பு ஏறாத பாறைகளையும் ஏறினார். பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செயற்கை உறுப்பு ஆய்வில் பேராசிரியரானார். அவரளவுக்குப் போக வேண்டாம். நடைக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என்று இரண்டு பாதங்கள் மாற்றிக்கொள்ளும்படி இருந்தாலே பெரிய உதவி.

மின்னணு முழங்கால் வைத்திருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மலையில் சார்ஜ் செய்ய இடம் இருக்காது, தண்ணீர் புகுந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்பது மாடலைப் பொறுத்தது. பல நாள் பயணத்துக்கு, பழுதானால் கையாலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய எளிய இயந்திர முழங்கால்தான் நம்பிக்கையானது என்பது என் கருத்து.

ஹார்னெஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தொடைப் பகுதி குட்டையாக இருந்தால் இடுப்பு ஹார்னெஸின் கால் வளையம் நழுவி விடும். அப்படிப்பட்டவர்களுக்கும், வயிற்றுத் தசை வேலை செய்யாத தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கும் உடல் முழுவதையும் பிடிக்கும் ஹார்னெஸ் தேவை. இல்லையென்றால் தலைகீழாகத் திரும்பிவிடும் ஆபத்து உண்டு. உணர்ச்சியில்லாத இடுப்பிலும் தொடையிலும் பட்டை அழுத்தினால் வலி தெரியாது. புண் வந்த பிறகே தெரியும். உள்ளே மெத்தை வையுங்கள், அடிக்கடி எடையை மாற்றுங்கள். ஹார்னெஸில் அசையாமல் நெடுநேரம் தொங்குவது யாருக்குமே ஆபத்து. காலை அசைக்க முடியாதவருக்கு இரட்டிப்பு ஆபத்து.

பிலே செய்யும்போது, அதாவது ஏறுபவர் விழாமல் அவருடைய கயிற்றைப் பிடித்துக் காக்கும்போது, கயிற்றைப் பிடிக்கும் கை ஒரு கணமும் விடக் கூடாது என்பது விதி. இருப்பது ஒரே கை என்றால், தானாகப் பிடித்துக்கொள்ளும் வகைக் கருவியும், பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். முடிச்சு போடுவதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டே செய்ய வரும் வரை பழகுங்கள். பல்லால் கயிற்றைப் பிடிப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் வேலைக்காகும்.

காலில் ஆர்த்தோசிஸ் (பலமில்லாத காலைத் தாங்கும் கவசம்) அணிபவர்கள், அதைப் போட்ட நிலையில் பூட்ஸ் அளவு பார்க்க வேண்டும். உள்தளத்தை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். இரண்டு பாதங்களுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

படி 4: பயிற்சியும், உங்கள் விகிதமும்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் ஒரு கணக்கு சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆரோக்கியமான நடையாளருக்கான கணக்கு அது, இன்றும் பலர் அதைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். உங்களுக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனால் அதை அளவுகோலாக வைத்து உங்கள் விகிதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு பழக்கமான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்று வைப்போம். நெய்ஸ்மித் கணக்கில் 3 மணி நேரம். உங்களுக்கு எல்லா நிறுத்தமும் சேர்த்து 5 மணி நேரம் ஆனால், விகிதம் ஏறத்தாழ 1.7. அடுத்து 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்குப் போக நினைக்கிறீர்கள். கணக்குப்படி 3.9 மணி நேரம். அதை 1.7-ஆல் பெருக்கினால் 6 மணி 40 நிமிடத்தை ஒட்டி வரும். பகல் வெளிச்சம் அதற்குப் போதுமா, உங்கள் தோல் தாங்குமா என்று இப்போது கேளுங்கள். பதில் "இல்லை" என்றால் பாதையை மாற்றுங்கள் அல்லது இரண்டு நாளாகப் பிரியுங்கள். இறங்கும் நேரத்தை மட்டும் தனியாகக் குறித்து வைப்பது மிக நல்லது. பலருக்கு ஏற்றத்தின் விகிதம் ஒன்றாகவும் இறக்கத்தின் விகிதம் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

பயிற்சியில் மூச்சுக்கும் இதயத்துக்கும் என்ன வேண்டுமோ அது எல்லோருக்கும் பொதுதான். தனியாகச் சொல்ல வேண்டியவை சில. படிக்கட்டில் ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதில் அதிக நேரம் செலவிடுங்கள். தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்கப் பழக அதுதான் வழி. ஈர மண், உருளும் கற்கள், பக்கவாட்டுச் சரிவு, வேர்கள் எல்லாவற்றிலும் செயற்கைக் காலைப் பழக்குங்கள். நடைபாதையில் மணிக்கணக்கில் நடப்பது இதற்கு ஈடாகாது. முதுகுப் பையின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஏனென்றால் பையின் எடை சாக்கெட்டிலும் இறங்கும். விழுவதையும், விழுந்தபின் உதவியில்லாமல் எழுவதையும் பழகுங்கள். பையோடு எழுந்து பாருங்கள், அப்புறம் தெரியும் அதன் கஷ்டம். ஊன்றுகோலில் ஏறுபவர்களும் கையால் இழுப்பவர்களும் தோள் மூட்டைக் காப்பாற்றுவதே முதல் வேலை. தோள் போனால் மலை மட்டுமல்ல, அன்றாட வாழ்க்கையும் சேர்ந்து முடங்கும்.

படி 5: உடன் வருபவர்களும் அனுமதியும்

உடன் வருபவர் பலசாலியாக இருப்பதைவிட, சொன்னதைக் கேட்பவராக இருக்க வேண்டும். கேட்காமல் கையைப் பிடித்துத் தூக்குகிறவர் ஆபத்தானவர். நீங்கள் எடையைப் போட்டுக்கொண்டிருக்கும் ஊன்றுகோலையே அவர் தட்டிவிடலாம். எங்கே பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது, எப்போது காத்திருக்க வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள். பிடிக்க வேண்டுமென்றால் ஹார்னெஸை அல்லது பையின் பட்டையைப் பிடிக்கலாம். செயற்கைக் காலைப் பிடித்து இழுத்தால் அது கையோடு வந்துவிடும். உங்கள் காலைக் கழற்றவும் மாட்டவும் குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் மயங்கியிருக்கும்போது அவர்தான் உங்கள் கை.

வழிகாட்டி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "மாற்றுத்திறனாளிகளை அழைத்துப் போயிருக்கிறீர்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். நடக்க முடியாமல் போனால் எத்தனை பேர், எப்படித் தூக்கி வருவார்கள், குழுவின் மற்றவர்கள் என் வேகத்துக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். காப்பீட்டில் எந்த உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, ஏற்கெனவே உள்ள குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கும் விதி இருக்கிறதா, செயற்கைக் கால் உடைந்தால் ஈடு உண்டா என்று எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

அனுமதி விதிகளும் திடீரென்று குறுக்கே வரும். 2017 டிசம்பரில் நேபாள அரசு, இரண்டு கால்களையும் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் மலையேறத் தடை விதித்தது. பலர் எதிர்த்தார்கள், வழக்குப் போனது, 2018-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு மே மாதமே சீனாவின் சியா போயு, இரண்டு கால்களும் இல்லாமல், 69 வயதில் எவரெஸ்டை அடைந்தார். தடையால் திட்டத்தைத் தள்ளிப்போட்ட ஹரி புதா மகர் 2023-இல் ஏறினார். இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர்களில் எவரெஸ்ட் ஏறிய முதல் மனிதர் அவர்.

படி 6: ஏறும் நாள்

மெதுவாகத் தொடங்குங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு தடவை நின்று சாக்கெட்டைப் பாருங்கள். அதற்குள் உடம்பு சூடாகி, எஞ்சிய கால் கொஞ்சம் சுருங்கியிருக்கும். பொருத்தம் தளர்ந்தது போலத் தோன்றினால், எஞ்சிய காலின் மேல் போடும் மெல்லிய காலுறை இன்னொன்றைக் கூட்டுங்கள். "அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அங்கே கொப்புளம் காத்திருக்கும்.

அதன்பிறகு வியர்வையைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தம். உட்கார்ந்து காலைக் கழற்றி, லைனரை (சாக்கெட்டுக்குள் தோலை ஒட்டிப் போடும் மெத்தென்ற உறை) உருட்டி எடுங்கள். அடியில் வியர்வை தேங்கியிருக்கும், சில நாளில் சாய்த்தால் கொட்டும். அதைத் துடைத்து, தோலையும் துடைத்து, காற்றாட விடுங்கள். முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும், பின்பக்கமும் நுனியும் தெரியாது. அதற்கு ஒரு சின்னக் கண்ணாடி வேண்டும், அல்லது உடன் இருப்பவர் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். பத்து நிமிடத்தில் மங்கினால் சரி, போகலாம். மங்காமல் நின்றாலோ, தோல் பளபளவென்று வழுக்கினாலோ, அங்கே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காலுறையை மாற்றி, அழுத்தம் வரும் இடத்தைச் சரிசெய்து, அடுத்த அரை மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். மறுபடியும் அப்படியே இருந்தால் திரும்புங்கள். உரிந்த தோல் ஆற வாரக்கணக்காகும், அதுவரை காலையே மாட்ட முடியாது. சிகரத்துக்கு அவ்வளவு விலை அதிகம்.

முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் ஏறும்போது நல்ல காலை முன்வையுங்கள், இறங்கும்போது செயற்கைக் காலை முன்வையுங்கள். சரிவு அதிகமானால் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பக்கவாட்டில் போகும்போது நல்ல கால் மேல்பக்கம் மடங்கி, செயற்கைக் கால் கீழ்ப்பக்கம் நீண்டு இருந்தால் சுகமாக இருக்கும். மறுதிசையில் திரும்பினால் தலைகீழாகி இடிக்கும். எனவே சுகமான திசையில் நீளமாகவும் மறுதிசையில் குட்டையாகவும் வளைவு போடுங்கள். பாதை இடம் கொடுக்கும் இடத்தில்தான் இது நடக்கும்.

மலையேற்றக் கோல்களை ஏறும்போது குட்டையாகவும் இறங்கும்போது நீளமாகவும் வையுங்கள். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். உச்சிக்கு ஐம்பது மீட்டர் பாக்கி இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்ப வேண்டும். உங்கள் இறக்க விகிதம் தெரிந்திருந்தால் இந்த நேரத்தைப் போடுவது கஷ்டமில்லை.

படி 7: உயரமும் குளிரும்

2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வர வாய்ப்புண்டு. 3,000 மீட்டரைத் தாண்டியதும், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் ஓய்வெடுப்பதும் பொதுவான நடைமுறை. மாற்றுத்திறனாளிகள் இதைவிட மெதுவாகப் போவதே மேல். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நீங்கள் மற்றவர்களைவிட அதிகம் உழைத்து வந்திருப்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரத்துக்கான மருந்துகளை ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து, சிறுநீர்க் குழாய் வைத்திருப்பவருக்குக் கூடுதல் வேலை.

உயரத்தில் உடம்பு வீங்குவது சகஜம். எஞ்சிய காலும் வீங்கும். இரவு முழுக்கக் காலைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் மாட்டப் பார்த்தால் உள்ளே போகாது. தூங்கும்போது அழுத்தமான உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான லைனரைக் கூடாரத்தில் வெளியே விட்டால் காலையில் உறைந்திருக்கும். துடைத்து, தூக்கப் பைக்குள் உங்களோடு படுக்க வையுங்கள். செயற்கைப் பாதம் குளிராது, உண்மைதான். ஆனால் எஞ்சிய காலின் நுனியில் ரத்த ஓட்டம் குறைவு, உலோகக் குழாய் வழியாகக் குளிர் ஏறும். கம்பளி உறை ஒன்று மேலே போட்டால் நல்லது. உணர்ச்சியில்லாத காலோ பாதமோ உள்ளவர்கள் கண்ணால் பார்த்தே அதன் நிலையை அறிய வேண்டும், அதனால் மணிக்கு ஒரு முறை பாருங்கள். தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு உடல் வெப்பத்தைத் தக்கவைக்கும் திறன் குறைவு, அவர்கள் மற்றவர்களுக்கு முன்பே ஒரு உடுப்பைக் கூட்ட வேண்டும்.

படி 8: இறக்கமும் பழுதும்

விபத்துகள் இறங்கும்போதுதான் அதிகம். கால் இழந்தவருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் எஞ்சிய காலின் நுனி சாக்கெட்டுக்குள் இடிக்கிறது. மேலே வரும்போது தோல் நன்றாக இருந்தாலும், இறங்கும் முன் லைனரைத் துடைத்துப் புதுக் காலுறை போடுங்கள். செங்குத்தான இடத்தில் பின்னோக்கி இறங்கலாம், உட்கார்ந்தும் நகரலாம். பார்ப்பவர் என்ன நினைத்தால் என்ன. கயிறு இருந்தால் அதில் இறங்கலாம், தோலுக்கும் ஓய்வு.

பழுது வரும் என்று எண்ணியே கிளம்புங்கள். மார்க் இங்கிலிஸ் 2006-இல் எவரெஸ்டை அடைந்த முதல் இரட்டைக் கால் இழப்பாளர். ஏறும்போது 6,400 மீட்டர் உயரத்தில் கயிற்று நங்கூரம் கழன்று அவர் விழுந்ததில் ஒரு செயற்கைக் கால் உடைந்தது. ஒட்டு நாடாவால் ஒட்டிக்கொண்டு சமாளித்தார், அப்புறம் உதிரிக் கால் கீழே முகாமிலிருந்து வந்து சேர்ந்தது. அவரிடம் நாடாவும் உதிரியும் இருந்தன. உங்கள் பையிலும் இருக்கட்டும். 4 மில்லிமீட்டர் அறுகோணச் சாவி, பெரும்பாலான செயற்கைக் கால்களின் திருகுக்கு அதுதான் பொருந்தும், ஆனாலும் உங்களுடையதைச் சரிபாருங்கள். கனமான ஒட்டு நாடா, உதிரி லைனர், பல தடிமனில் காலுறைகள், உதிரித் திருகுகள், கொப்புளத்துக்கான பட்டை. லைனரைச் சாக்கெட்டோடு பூட்டும் ஊசி இருந்தால் இன்னொரு ஊசியும். முகாம் வைத்து ஏறும் மலை என்றால் ஒரு முழு உதிரிக் கால் முகாமில் இருக்க வேண்டும். கால் இல்லாமல் நகர வேண்டி வந்தால் என்று மடங்கும் கைத்தாங்கல் ஒன்றும்.

இறங்கி வந்ததும் காலைக் கழற்றி, மிதமான சூடுள்ள தண்ணீரில் தோலைக் கழுவி, லைனரையும் கழுவிக் காயவையுங்கள். அடுத்த நாள் முழுக்கச் செயற்கைக் கால் வேண்டாம். எந்த இடத்தில் சிவந்தது, எத்தனையாவது மணி நேரத்தில் தொடங்கியது, எத்தனை காலுறை போட்டிருந்தீர்கள், ஏற்ற விகிதம் என்ன, இறக்க விகிதம் என்ன என்று அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த முறை செயற்கை உறுப்பு நிபுணரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். "கொஞ்சம் வலிக்கிறது" என்று சொல்வதைவிட, "முன்பக்கம், கீழிருந்து இரண்டு விரல் உயரத்தில், நான்காவது மணி நேரத்தில்" என்று சொன்னால் அவர் சாக்கெட்டில் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.